குழாய்த் தண்ணீரில் ஆலைக் கழிவா? அறிகுறியைப் பார்த்துச் சோதனை கேட்கும் முறை

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுவருபவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது, "இதைக் குடிக்கலாமா?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் ஆய்வகம் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. எந்தப் பொருளை அளக்கச் சொல்கிறோமோ அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் நிறம், கலங்கல், பி.எச். எனப்படும் அமில-காரத் தன்மை, டி.டி.எஸ். எனப்படும் மொத்தக் கரைந்த உப்புகள், கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு ஆகியவற்றோடு கிருமிச் சோதனையும் இருக்கும். குரோமியம், ஈயம், பென்சீன், ஃபீனால் போன்றவை, நாம் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய, பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும், "குடிக்க உகந்தது" என்று முத்திரை குத்திய ஓர் அறிக்கையையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். அறிக்கையில் இருந்த 14 அளவீடுகளில் எதுவும் தவறில்லை. குரோமியம் என்ற சொல் மட்டும் அதில் எங்கும் இல்லை. அந்த நீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, அமிலம் சேர்த்து, குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் டைஃபினைல் கார்பசைடு கரைசலைச் சில துளிகள் விட்டதும் அது நாவற்பழச் சாற்றின் நிறத்துக்கு மாறியது. அவர் வெகுநேரம் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான் என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "தண்ணீரில் என்ன மாற்றம் கண்டீர்கள், வீட்டைச் சுற்றி என்ன தொழில் நடக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளைத்தான். எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்பது அந்த விடைகளில்தான் இருக்கிறது.

முதலில், எந்த இடத்தில் கெடுகிறது?

நம் வீடுகளில் தெருக்குழாயிலிருந்து நிலத்தடித் தொட்டிக்கும், அங்கிருந்து மோட்டார் வழியாக மேல்நிலைத் தொட்டிக்கும், பிறகு சமையலறைக்கும் தண்ணீர் வருகிறது. பல வீடுகளில் மாநகராட்சியின் நல்ல தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. ஆகவே வாசனையோ நிறமோ தெரிந்தவுடன், தெருக்குழாய், கிணற்று மோட்டாரின் வாய், நிலத்தடித் தொட்டி, சமையலறைக் குழாய் என்று நான்கு இடங்களிலும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் நீர் பிடித்து, வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். சமையலறைக் குவளையில் மட்டும் குறை இருந்தால் காரணம் ஆலை அல்ல, வீட்டுக்குள்தான்: புதிதாக வண்ணம் பூசிய தொட்டி, பி.வி.சி. குழாய் ஒட்டும் பசை, பழைய பித்தளைக் குழாய்.

தெருக்குழாயில் குறை இருந்தால், தண்ணீர் திறந்த முதல் 5 நிமிடத்திலும் அரை மணி நேரம் கழித்தும் இரண்டு முறை பிடித்துப் பாருங்கள். நாளில் சில மணி நேரமே தண்ணீர் விடும் ஊர்களில், விநியோகம் நின்ற பிறகு குழாய் வெறுமையாகி, விரிசல்களின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் தண்ணீர் கெட்டும் பின்வருவது தெளிந்தும் இருந்தால், மூல நீர் நன்றாக இருக்கிறது, உங்கள் தெருவுக்கு அருகே குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். குடிநீர் வாரியத்திடம் முறையிடும்போது இந்த ஒரு தகவல் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் அல்லது தின்னர் வாசனை

இந்த அறிகுறியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மோட்டார் அறையில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். அந்த நீரைக் கொதிக்கவைக்காதீர்கள். வெந்நீராக்கிக் குளிக்கவும் வேண்டாம். பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகியவை எளிதில் ஆவியாகுபவை என்பதால், கொதிக்கவைத்தால் அவை பாத்திரத்தை விட்டுச் சமையலறைக் காற்றுக்கும் அங்கிருந்து நம் நுரையீரலுக்கும் போகும்.

நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு ஈர்க்குச்சியால் அதைக் குறுக்கே கீறிப் பாருங்கள். கீறிய இடத்தில் படலம் உடைந்து, சில்லுச் சில்லாக ஒதுங்கி, அப்படியே நின்றால் அது இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியாவின் படலம். கீறல் சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்துவிட்டால் அது எண்ணெய். எளிய சோதனைதான், வீண் பதற்றத்தையும் வீண் நிம்மதியையும் இது தவிர்க்கும்.

அருகில் பெட்ரோல் பங்க், எரிபொருள் கிடங்கு, நிலத்தடி எண்ணெய்க் குழாய், பணிமனை, மின் உற்பத்தி நிலையம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் மக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்ததற்குக் காரணம் மண்ணுக்குள் ஓடிய குழாயின் கசிவு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் அங்கு மின் நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு இடங்களிலும் முதலில் கண்டறிந்தவர்கள் வாளியில் நீர் இறைத்த குடும்பத்தினர்தான்.

மாநகராட்சித் தண்ணீர் மட்டும் வாங்குபவர்களும் தமக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் ஊறிய மண்ணில் பிளாஸ்டிக் குழாய் கிடந்தால், விரிசலே இல்லாவிட்டாலும் அந்தப் பொருள்கள் குழாயின் சுவரை ஊடுருவி உள்ளே வரக்கூடும்.

ஆய்வகத்தில் "எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், குறிப்பாக பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன்" என்று கேளுங்கள். கூடவே மினரல் ஆயிலும் கேளுங்கள். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்குப் பென்சீன் தெரியத் தொடங்குவது அதைவிடப் பல மடங்கு மிகுந்த அளவில்தான். ஆகவே மழைக்குப் பின் வாசனை குறைந்துவிட்டது என்பதைக் கொண்டு தண்ணீர் தேறிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

மஞ்சள் நிறம்

வெள்ளை வாளியில் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நேரம் செல்லச் செல்லச் செம்மஞ்சளாகி, காலையில் அடியில் துரு போல் படிந்திருந்தால் அது இரும்பு. தேநீர்ச் சாயல் கொண்டு, புதுமழைக்குப் பின் ஏரித் தண்ணீர் வரும் நாள்களில் மட்டும் தோன்றினால் அது பெரும்பாலும் மக்கிய இலைதழைகளின் நிறம். பிடித்தபோதும் மஞ்சள், விடிந்த பிறகும் அதே மஞ்சள், அடியில் எதுவும் படியவில்லை, கலங்கலும் இல்லை என்றால் ஆறிணைதிறன் (ஹெக்சாவேலன்ட்) குரோமியத்தைச் சந்தேகியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கான உச்ச அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றால் அந்த எல்லையைத் தண்ணீர் எப்போதோ கடந்துவிட்டது.

ஒரு நுணுக்கத்தை இங்கே விளக்க வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம்; அது சாதாரண மண்ணில் பெரும்பாலும் படிந்து தங்கிவிடும். குரோமேட் உப்பு தயாரிக்கும் ஆலையின் கழிவிலும் முலாம் பூசும் பட்டறையின் கழிவிலும் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். அது நீரில் கரைந்து நெடுந்தூரம் செல்லும், நச்சும் அதிகம். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, ஆலை நின்ற பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். எனவே "மொத்தக் குரோமியம்", "ஆறிணைதிறன் குரோமியம்" என இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டாவதற்கான மாதிரி வேறு சீசாவில், அமிலம் சேர்க்காமல், பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்பதே பாதுகாப்பான வழக்கம்.

காய்ச்சினால் குரோமியம் போகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறிவாகும். வடிகட்டித் துணியும் மண்பானையும் இதற்கு உதவா.

கரிப்பும் ஏறும் டி.டி.எஸ். அளவும்

டி.டி.எஸ். கருவி உண்மையில் அளப்பது மின்கடத்துத்திறனை. அதை ஓர் எண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது தரம். ஈயம் 0.1 மில்லிகிராம் இருந்தால் அது உச்ச அளவைப் போல் 10 மடங்கு; கருவியின் எண்ணிலோ அதனால் எந்த மாற்றமும் தெரியாது. பெட்ரோலும் பூச்சிக்கொல்லியும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை என்பதால் அந்தக் கருவிக்கு அவை இல்லாதவையே. வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பு நிறம் பொங்குவதைக் காட்டினால் அஞ்ச வேண்டாம்: உப்புள்ள எந்த நீரிலும் அந்த இரும்புக் கம்பி கரைந்து அப்படித்தான் நிறம் வரும்.

ஆனாலும் அந்தக் கருவிக்கு ஒரு நல்ல பயன் உண்டு. வாரம் ஒருமுறை அதே குழாயில், அதே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதிவைத்தால் மாற்றம் தெரியும். பல ஆண்டுகளாக 900இல் நின்ற கிணறு, மழையளவு குறையாத ஆண்டில் 2400 ஆகிவிட்டதென்றால் வெளியிலிருந்து ஏதோ உப்பு சேர்ந்திருக்கிறது. எந்த உப்பு என்று அறிய சோடியம், குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை நான்கையும் ஒரே மாதிரியில் கேளுங்கள். பச்சைத் தோலை உப்பிட்டுக் காப்பதால், வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறும். சாயப் பட்டறையில் சாயம் துணியில் ஏறுவதற்குச் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுவார்கள். ஆகவே திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் சல்பேட்டும் ஏறக்கூடும். கடினத்தன்மை மட்டும் மிகுந்து, சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் பெரும்பாலும் அது பாறையின் இயல்பு. கடலோரத்தில் உப்பு ஏறினால் முதலில் கடல்நீர் உட்புகுந்ததா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் ஆலையின் மேல் போட்டால் நம் புகார் நிற்காது.

திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகும் மண்ணில் இறங்கிய உப்பு உடனே வெளியேறிவிடவில்லை. பட்டறை மூடியிருக்கிறது என்ற காரணத்தால் சோதனையைக் கைவிட வேண்டாம்.

நுரை, மருந்து நெடி, முட்டை நாற்றம்

பால் போல் வெளுத்து வந்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்று. குவளையைக் குலுக்கியதும் எழும் நுரை வெகுநேரம் நின்றால் சலவைப் பொருள் கலந்திருக்கிறது. எதிரயனி (அனயானிக்) வகைச் சலவைப் பொருளையும் அம்மோனியாவையும் எஞ்சிய குளோரினையும் கேளுங்கள். அம்மோனியா மிகுந்து குளோரின் இல்லாவிட்டால் பெரும்பாலும் வீட்டுச் சாக்கடைதான் காரணம்; அப்போது கிருமிச் சோதனை முதல் அவசரம்.

குளோரின் சேர்த்த நீரில் மருத்துவமனையின் கிருமிநாசினி போன்ற நெடி வந்தால் ஃபீனாலைக் கேளுங்கள். குளோரினோடு சேர்ந்ததும் அதன் நெடி பலமடங்காகும். தரத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான் என்பதால், அவ்வளவு நுண்ணிய அளவை அளக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை நாற்றம் பெரும்பாலும் கிணற்றின் அடியில் வாழும் பாக்டீரியாவால் வருவது. சிவப்பு, நீலம், ஊதா என்று சாய நிறமே வந்தால் விளக்கம் வேண்டியதில்லை: அந்த நேரத்தையும் நிறத்தையும் படமெடுத்துக்கொண்டு உடனே மாதிரி பிடியுங்கள், ஒரு மணி நேரத்தில் அது போய்விடலாம்.

காலையில் மட்டும் உலோகச் சுவை

இரவெல்லாம் குழாயில் நின்ற நீர் துவர்ப்பாக இருந்து, சற்று ஓடவிட்டதும் சரியாகிவிட்டால், உலோகம் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தே கரைகிறது. நீல-பச்சைக் கறை செம்பைக் காட்டும். ஈயத்துக்குச் சுவையும் இல்லை, கறையும் இல்லை. பித்தளைக் குழாய்களிலும் பழைய பி.வி.சி. குழாய்களில் சேர்க்கப்பட்ட ஈயச் சேர்மங்களிலும் அது இருக்கக்கூடும், பி.வி.சி. குழாயில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல்தான் விதி கொண்டுவந்தது. 6 மணி நேரம் யாரும் திறக்காத குழாயின் முதல் லிட்டரை ஒரு சீசாவிலும், 5 நிமிடம் ஓடவிட்ட பின் வருவதை மற்றொன்றிலும் பிடித்து இரண்டிலும் ஈயம் பாருங்கள். உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முதலாவது மிகுந்து இரண்டாவது குறைந்தால் குழாயை மாற்ற வேண்டும். இரண்டும் சமமாக மிகுந்தால் மூலத்தைத் தேட வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லை

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். ஆர்சனிக், காட்மியம், ஈயம், நைட்ரேட் எதையும் நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. தண்ணீர் தெளிவாக இருக்கும், சோறும் நன்றாக வேகும். இங்கே நமக்கு வழிகாட்டுவது சுற்றுப்புறம் மட்டுமே. முலாம் பூசும் பட்டறை இருந்தால் ஆறிணைதிறன் குரோமியம், நிக்கல், காட்மியம், சயனைடு. பழைய பேட்டரியை உருக்கும் இடம் இருந்தால் ஈயம். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருந்தால் ஆர்சனிக், போரான், செலீனியம். இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் தொழிற்கூடம் இருந்தால் டிரைகுளோரோஎத்திலீன். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், இதுவோ நீரைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் பக்கத்துத் திறந்த கிணறு நன்றாக இருக்க, 300 அடி ஆழ்துளைக் கிணறு கெட்டிருப்பதும் நடக்கும். தொழிற்கூடம் இப்போது இல்லை என்றாலும், முன்பு என்ன இருந்தது என்று தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை, அரசுப் பதிவேட்டைவிட அவர்கள் நினைவு உதவிய சந்தர்ப்பங்கள் அதிகம்.

மாதிரி பிடிக்கும்போது

மண்ணெண்ணெய் வாசனை என்று ஒரு அம்மா நல்லெண்ணெய் சீசாவைக் கழுவி அதில் தண்ணீர் கொண்டுவந்தார். எண்ணெய் இருந்தது, ஆனால் எது கிணற்றின் எண்ணெய் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அவர் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். ஆகவே ஆய்வகத்திலிருந்தே சீசாக்களை முன்கூட்டி வாங்குங்கள். உலோகங்களுக்கான பிளாஸ்டிக் சீசாவில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் இருக்கலாம். அதைக் கழுவிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். பெட்ரோல் வகைப் பொருள்களுக்குத் தருவது 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. அதை நீர் விளிம்புக்கு மேல் குமிழாக எழும்பும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகத் திருப்பி விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு காற்றுக்குமிழ் மேலேறினாலும், தேடும் பொருள் அந்தக் குமிழுக்குள் ஆவியாகிவிடும். புதிய குப்பியில் மீண்டும் பிடிக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரை 10 நிமிடமாவது ஓடவிட்ட பின் பிடியுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்துக்கு முன்னுள்ள நீரையே பிடியுங்கள். குழாய் நுனியின் சல்லடையைக் கழற்றிவிடுங்கள். இடம், தேதி, நேரம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சீசாவின் மேல் அழியாத மையால் எழுதுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது

"கண்டறியும் எல்லைக்குக் கீழ்" என்ற சொற்றொடரைக் கண்டு நிம்மதியடைவதற்கு முன், அந்த எல்லை என்ன என்று கேளுங்கள். ஈயத்தின் உச்ச அளவு 0.01, ஆய்வகக் கருவி 0.1க்குக் கீழே எதையும் காணாதது என்றால், அந்த வரிக்கு எந்த அர்த்தமும் இல்லை. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று அலகைப் பாருங்கள். ஆயிரம் மடங்கு வேறுபாடு அது. ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்ட அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும்; அந்தப் பட்டியலை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பார்க்கலாம். செலவைக் குறைக்க முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகி, அங்கு செய்யாத சோதனைகளை மட்டும் தனியாரிடம் கொடுங்கள். ஊராட்சியில் உள்ள களப் பரிசோதனைப் பெட்டி குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றுக்கானது. அதில் நல்ல முடிவு வந்ததைக் கொண்டு குரோமியம் இல்லை என்று சொல்ல முடியாது.

அளவு மீறியிருந்தால்

குடிப்பதையும் சமைப்பதையும் அன்றே நிறுத்துங்கள். கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்க அந்த நீர் ஒரு கரண்டியும் வேண்டாம். நன்கு பராமரித்த ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் பெரும்பாலான உலோகங்களையும் குறைக்கும். பெட்ரோல் வகைப் பொருள்களுக்குச் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) தேவை, அதுவும் நிறைந்துபோனால் பிடித்ததைத் திரும்ப விடும். எதைப் பொருத்தினாலும், வெளிவரும் நீரை அதே பொருளுக்காக மீண்டும் சோதித்தாக வேண்டும்.

புகாரை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயருக்கு, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு படி கொடுங்கள். ஆலையின் கழிவுநீர் பற்றி வழக்கில் சான்றாக நிற்பது, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி முறையாக எடுக்கும் மாதிரிதான். உங்கள் அறிக்கை அந்த அதிகாரியை வரவழைப்பதற்கானது. ஒரே வீட்டின் அறிக்கையைவிட, ஒரே நாளில் பிடித்த ஐந்து வீட்டுக் கிணறுகளின் அறிக்கையும், அவற்றின் ஆழமும் ஆலையிலிருந்து உள்ள தூரமும் குறித்த கைவரைபடமும் சேர்ந்தால், கசிவு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அவர் முதல் பார்வையிலேயே புரிந்துகொள்வார். அதே ஐந்து கிணறுகளில் ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் சித்திரை வெயிலில் ஒருமுறையும் மீண்டும் பிடியுங்கள். மழை கழிவை அடித்துக்கொண்டு வருகிறதா, வறட்சி அதைச் செறிவாக்குகிறதா என்பது அந்த இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால்தான் தெரியும்.